பட்டியலில் இல்லாதவன்

ஜூலை 11

ஸ்டோன்லிக் உயர்நிலைப் பள்ளி ஓட்ட அணியின் பயிற்சியாளர் திரு. லோனி ஹாம்ரிக் அவர்களுக்கு,

உங்கள் தங்கை என்ற முறையில் இதை எழுதவில்லை. வீட்டிலேயே படிக்கும் ஒரு பெண்ணின் தாயாக, அவளுடைய ஒரே ஆசிரியையாக எழுதுகிறேன்.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் இந்த வருஷத்திலிருந்து அரசுப் பள்ளி அணிகளில் சேரலாம் என்று சட்டம் மாறிவிட்டதாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. தபித்தாவே விண்ணப்பத்தை நூலகத்தில் அச்செடுத்து, ஓர் எழுத்துப் பிழை இல்லாமல் நிரப்பி, காலையில் வெண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் வைத்திருந்தாள். அதில் இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று பெற்றோருடையது, மற்றது பயிற்சியாளருடையது. நான்கு வருஷமாக உங்கள் முகத்தில் விழிக்காமல் இருந்த என்னை ஒரே தாளில் உங்கள் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டாள்.

"என்னடி திடீர்னு?" என்று கேட்டேன்.

"திடீர்னு இல்லம்மா. நாலு வருஷமா காத்துக்கிட்டு இருக்கேன். இப்பதான் என் பேரை எழுத ஒரு இடம் குடுத்திருக்காங்க."

அவளுக்கு மே மாதம் பதினாறு முடிந்தது. அவள் அண்ணன் சைலஸ் நம்மை விட்டுப் போன வயது. அதை நான் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்குத் தெரியும்.

விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் கையெழுத்துப் போடுவதற்கு முன் எனக்கு ஒரு பதில் வேண்டும். அன்றைக்கு சாயங்காலம் மற்ற பிள்ளைகள் எல்லாம் காட்டுப் பாதையிலிருந்து திரும்பி வந்தார்கள். என் பிள்ளை வரவில்லை. நீங்கள் பள்ளிக் கேட்டைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனீர்கள். எப்படிப் போனீர்கள்? போலீஸ் கேட்டது, பள்ளி வாரியம் கேட்டது. அவர்களுக்கெல்லாம் ஏதோ சொன்னீர்கள். என்னிடம் மட்டும் சொல்லவே இல்லை.

இப்படிக்கு,
நெட்ரா கட்லிப்

*

ஜூலை 15

நெட்ராவுக்கு,

உன் கையெழுத்தை உறையில் பார்த்ததும் தபால்பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு வெர்ல் ஓடிவந்து "என்னய்யா, நெஞ்சு வலியா?" என்று கேட்டார். "இல்ல, தங்கச்சிகிட்ட இருந்து லெட்டர்" என்றேன். "அதுவும் அதுவும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

'திரு' போட்டிருக்கிறாய். 'அவர்கள்' வேறு. அம்மாவுக்குத் தெரியாமல் என் சட்டைப் பைக்குள் தவளை விட்டவள் நீ. போகட்டும், எனக்கு அது வேண்டியதுதான்.

என் கையெழுத்தைப் போட்டு விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மதிப்பெண் பகுதியையும் பார்த்தேன். வேதியியலில் அவளுக்கு 'சி' போட்டிருக்கிறாயே, மனசாட்சி இருக்கிறதா உனக்கு? வீட்டில் படிக்கிற பிள்ளைக்கு அம்மாதான் டீச்சர், அம்மாதான் ஹெட்மாஸ்டர். ஊரில் இருக்கிற மற்ற அம்மாக்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு 'ஏ' போடுகிறார்கள். எங்கள் பள்ளியில்கூட இவ்வளவு கறாரான ஆள் கிடையாது. 'சி' இருந்தாலும் ஓடலாம், கவலைப்படாதே. 'எஃப்' மட்டும் போட்டுவிடாதே.

அவளுக்கு நல்ல காலணி வாங்கிக் கொடு. பழையதை இழுத்துக்கொண்டு வர வேண்டாம். ஆகஸ்ட் ஏழாம் தேதி பயிற்சி தொடங்குகிறது. முன்பு போல இல்லை. காலை ஆறரைக்கு ஓடவிட்டு, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன். பள்ளி திறந்த பிறகுதான் சாயங்காலம், அதுவும் வெயில் தணிந்தால்தான். ஒவ்வொரு மைலுக்கும் தண்ணீர் வைத்திருக்கிறேன்.

நீ கேட்ட மற்ற விஷயத்தை நேரில் பேசலாமே. எழுத வரவில்லை.

அண்ணன்,
லோனி

*

ஜூலை 19

அண்ணா,

விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறேன். நான் கேட்டது காலணியைப் பற்றி இல்லை.

நேரில் பேச என்னால் முடியாது. உன் குரலைக் கேட்டால் அவன் நினைப்பு வரும். பேசும்போது வாக்கியத்தின் கடைசியில் லேசாகச் சிரிப்பது உன்னிடமிருந்துதான் அவனுக்கு வந்தது. அதனால்தான் ஃபோனையும் எடுப்பதில்லை. எட்டு மைலுக்கு ஸ்டாம்ப் ஒட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டில் எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரியாது. உன் மச்சான் வேட் பைப்லைன் வேலைக்குப் போனால் இரண்டு வாரம் கழித்துத்தான் வருகிறார். நானும் தபித்தாவும் மட்டும்தான். அவள் காலையில் கணக்குப் பாடம் முடித்ததும் சரளைச் சாலையில் ஓடப் போவாள். நான் சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டு இருப்பேன். திரும்பி வரும்போது சரளையில் காலடிச் சத்தம் கேட்கும். இரண்டு பேருடைய சத்தம். ஒன்று அவளுடையது, சின்னச் சின்ன அடி. மற்றது அரை அடி பின்னால், நீளமாக. நான் தலை நிமிர்ந்து பார்க்கும்போது அவள் மட்டும் நிற்பாள்.

வேடிடம் சொன்னேன். "களஞ்சியச் சுவத்துல பட்டுத் திரும்பி வர்ற சத்தம்டி. எப்பவும் இருந்ததுதான்" என்றார். இருக்கலாம். இருபது வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், முன்பெல்லாம் கேட்டதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. சத்தத்துக்கு இல்லை. ஒருநாள் இரண்டு சத்தமும் கேட்காமல் போய்விடுமோ என்று பயம். அவளை உன்னிடம் அனுப்பலாமா வேண்டாமா என்பது மட்டும்தான் இப்போது என் வாழ்க்கையில் இருக்கிற கேள்வி. அதற்கு நீ உண்மையைச் சொல்ல வேண்டும். எழுத வராது என்றால் கற்றுக்கொள்.

நெட்ரா

*

ஜூலை 24

நெட்ரா,

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. இதில் சுற்றி வளைக்க மாட்டேன்.

அந்த நாட்களில் வீட்டில் படிக்கிற பிள்ளை அணியில் சேர முடியாது. சைலஸ் எங்கள் பிள்ளைகள் எல்லாரையும்விட வேகம். ஆனால் போட்டியில் ஓட முடியாது. "போட்டி வேண்டாம் மாமா, கூட ஓடவிடுங்க போதும்" என்று வந்து நின்றான். விட்டேன். பள்ளிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காப்பீடு அது இது என்று என்னைத் துரத்தியிருப்பார்கள். அதனால் அவன் பெயரை எதிலும் எழுதவில்லை. உடை கிடையாது, எண் கிடையாது. சைலஸ் சும்மா கூட ஓடுகிறவன்.

மலையைச் சுற்றி ஐந்து மைல் பாதை. மரம் வெட்டுகிறவர்கள் போட்ட பாதை, உனக்குத் தெரியும். திரும்பி வருகிறவர்களை நான் கேட்டில் நின்று டிக் அடிப்பேன். கையில் அட்டை. அட்டையில் பதினான்கு பெயர். அன்றைக்கு தொண்ணூற்றாறு டிகிரி. ஒவ்வொருத்தராக வந்தார்கள். பதினான்கு டிக் விழுந்தது. "எல்லாரும் வந்தாச்சு, வீட்டுக்குப் போங்கடா" என்று சொன்னேன்.

அட்டையைத்தான் பார்த்தேன் நெட்ரா. முகங்களைப் பார்க்கவில்லை. தாள் நிரம்பியதும் என் மனசும் நிரம்பிவிட்டது. சொந்தத் தங்கை மகன், ஓடத் தொடங்கும் முன் என் தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக் குடித்தவன். அவன் பெயர் அட்டையில் இல்லாததால் அவன் இல்லாததும் எனக்குத் தெரியவில்லை. கேட்டைப் பூட்டினேன். வீட்டுக்குப் போய்ச் சோளரொட்டியும் பீன்ஸும் சாப்பிட்டேன். நன்றாகச் சாப்பிட்டேன்.

போலீஸிடம், அவன் சில நாள் மலை தாண்டி நேராக உன் வீட்டுக்கு ஓடிவிடுவான், அன்றைக்கும் அப்படிப் போயிருப்பான் என்று நினைத்தேன் என்றேன். அது பொய். நான் எதுவுமே நினைக்கவில்லை. மூன்றாவது மைலில் அவன் வெயிலில் சுருண்டு விழுந்து கிடந்தபோது எனக்கு அவன் ஞாபகமே இல்லை.

இதுதான் உண்மை. நான் இருப்பதால் தபித்தா சேர முடியாது என்றால் நான் விலகிக்கொள்கிறேன். கடிதம் எழுதி வைத்துவிட்டேன், நீ ஒரு வார்த்தை சொன்னால் கொடுத்துவிடுவேன். துணைப் பயிற்சியாளராக இருக்கிற பெண் கெட்டிக்காரி. அந்தப் பிள்ளை ஓடட்டும். விண்ணப்பத்தை மறுபடியும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

லோனி

*

ஆகஸ்ட் 2

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்னைத் திட்டினேன். சத்தமாக, கோழிகளெல்லாம் ஓடுகிற அளவுக்குத் திட்டினேன். பிறகு என் மேஜையின் கடைசி இழுப்பறையைத் திறந்தேன்.

அதில் ஒரு தாள் இருக்கிறது. அவன் போவதற்கு முந்தின வசந்தத்தில் அவனே கொண்டுவந்தது. பள்ளியில் ஏதாவது ஒரே ஒரு வகுப்பில் சேர்ந்தால் போதும், அணியில் முறைப்படி ஓடலாம் என்று அப்போதே ஒரு வழி இருந்தது. உனக்கும் அது தெரியும். நீதான் அவனிடம் சொல்லி அனுப்பியிருப்பாய். இத்தனை வருஷத்தில் நீ அதை ஒரு தடவைகூட எடுத்துச் சொல்லவில்லை. "வெல்டிங் வகுப்பும்மா. ஒரு மணி நேரம்தான். நீங்க கையெழுத்துப் போட்டா என் பேரும் லிஸ்ட்ல வரும்" என்றான்.

நான் போடவில்லை. ஒரு மணி நேரம் விட்டால் ஒரு நாள் கேட்பார்கள், பிறகு பிள்ளையையே கேட்பார்கள் என்று பேசினேன். அவன் படிப்பில் பள்ளிக்கூடம் கை வைக்கக் கூடாது என்று எனக்கு அவ்வளவு வீம்பு. தாளை வாங்கி இழுப்பறையில் போட்டேன். அவன் அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது. இரண்டாவது தடவை கேட்டிருந்தால் போட்டிருப்பேன்.

அன்றைக்கு ஆறு மணிக்கு அவன் வராதபோது, மாமன் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருவான் என்று நானும் அவன் தட்டை எடுத்து உள்ளே வைத்தேன். ஒன்பது மணிக்குத்தான் உனக்கு ஃபோன் செய்தேன். அன்றைக்குச் சாப்பிட்டது நீ மட்டும் இல்லை, நானும்தான்.

நீ விலக வேண்டாம். கருணையால் சொல்லவில்லை. வேறு யார் அங்கே நின்றாலும் தாளைப் பார்ப்பார்கள். நீ ஒருத்தன்தான் இனிமேல் ஆளைப் பார்ப்பாய். இந்த மாவட்டத்தில் என் மகளை எண்ணுவதற்கு உன்னைவிட்டால் எனக்கு யாரும் இல்லை.

கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒரு நிபந்தனை. பயிற்சி முடிந்ததும் உன் வண்டியில் ஏற்றி என் வாசலில் கொண்டுவந்து விட வேண்டும். மலை தாண்டி ஓடிவருகிற கதையெல்லாம் கூடாது. நீ வண்டியை விட்டு இறங்க வேண்டாம். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

நெட்ரா

*

ஆகஸ்ட் 30

நெட்ராவுக்கு,

உன் மகள் பட்டியலில் பத்தொன்பதாவது பெயர். முதல் நாள் பெயர் கூப்பிட்டபோது "இருக்கேன்!" என்று அவள் போட்ட சத்தத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? "வீட்டுப்பாடத்தை வீட்டுலயே வெச்சுட்டு வந்தேன்னு உங்க அம்மாகிட்ட சொல்ல முடியாதே, என்ன பண்ணுவே?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வீட்ல நாய்தான் வாத்தியார், அதனால நாய் நோட்டைத் தின்னுடுச்சுன்னும் பழி போட முடியாது" என்றாள் இவள். அன்றிலிருந்து செல்லப்பிள்ளை. உன்னை நாய் என்றாள், கவனித்தாயா?

இப்போது பெயரைக் கூப்பிடுகிறேன், தலையை எண்ணுகிறேன், பிறகு ஒவ்வொருத்தர் தோளிலும் தட்டுகிறேன். பெற்றோர்கள் எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள்.

இனி எழுதப்போவதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன். நான் குடித்துவிட்டு எழுதவில்லை, சத்தியமாக.

எல்லாரையும் அனுப்பிவிட்டு நான் கொஞ்ச தூரம் காட்டுப் பாதையில் நடப்பேன். நான்கு வருஷமாக ஒரு நாள் விடாமல். முதல் வளைவு வரைக்கும் போய் அவன் பெயரைக் கூப்பிடுவேன். அன்றைக்குக் கூப்பிட்டிருக்க வேண்டிய பெயர். கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். காற்று, அணில், வேறொன்றும் இருக்காது. திரும்பிவிடுவேன்.

இரண்டு வாரம் முன்பு கூப்பிட்டபோது பதில் வந்தது.

"வந்துட்டேன் மாமா."

மரங்களுக்குள்ளிருந்து, தூரத்தில். மறுநாள் பயந்துகொண்டே போய்க் கூப்பிட்டேன். மறுபடியும் வந்தது. இப்போது தினமும் வருகிறது. உள்ளே போய்த் தேட எனக்குத் தைரியம் இல்லை, ஆசையும் இல்லை. தேடினால் நின்றுவிடும் என்று தோன்றுகிறது. நான்கு வருஷத்தில் இந்த இரண்டு வாரம்தான் நான் தூங்கினேன். உன்னிடம் மறைத்தால் அது மறுபடியும் ஒரு பொய்யாகிவிடும் என்று சொல்கிறேன்.

லோனி

*

செப்டம்பர் 1

அண்ணா,

குரல் எப்படி இருந்தது? களைப்பாக இருந்ததா? தொண்டை வறண்டு போனது போல இருந்ததா? வலிக்கிறது போல இருந்ததா? மாமா என்று மட்டும்தான் சொன்னானா, அம்மா என்று ஏதாவது சொன்னானா?

உனக்குக் கிறுக்கு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை இதை எழுதுகிறது. உடனே பதில் போடு. தபித்தாவிடம் கொடுத்து அனுப்பாதே, அவளுக்குத் தெரியக் கூடாது. தபாலில் போடு.

நெட்ரா

*

செப்டம்பர் 5

நெட்ரா,

களைப்பு இல்லை. வலி இல்லை. பதினாறு வயதுக் குரல். கடைசியில் லேசாகச் சிரிப்பது போல முடிந்தது. அம்மா என்று சொல்லவில்லை. நான் பொய் சொல்லி உன்னைச் சந்தோஷப்படுத்தலாம், சொல்லமாட்டேன்.

நீ வராதே. ஒருவேளை உனக்குக் கேட்காமல் போனால் நீ தாங்கமாட்டாய். கேட்டாலும் தாங்கமாட்டாய்.

லோனி

*

செப்டம்பர் 8

அண்ணா,

நான் வந்தேன். நேற்று, வியாழக்கிழமை. உன்னிடம் சொல்லாமல் வந்தேன். காரைத் தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு ஓடையோரமாக ஏறி, நீ சொன்ன முதல் வளைவுக்கு மேலே நின்றேன். நான்கு வருஷத்துக்குப் பிறகு அந்தக் காட்டில் கால் வைத்தேன். பைத்தியக்காரி மாதிரி கையில் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுபோயிருந்தேன். எதற்கு என்று கேட்காதே.

நீ நடந்து வந்தாய். ரொம்ப இளைத்துவிட்டாய். தொப்பியைக் கழற்றிவிட்டுக் கூப்பிட்டாய்.

எனக்கு இருபது அடி கீழே, பெரிய மரம் ஒன்றின் பின்னால் தபித்தா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் வாயருகே குவித்து, குரலைத் தாழ்த்தி, "வந்துட்டேன் மாமா" என்றாள். கடைசியில் அந்தச் சிரிப்பையும் வைத்தாள். அண்ணா, அவள்தான் என்று கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் உடம்பெல்லாம் அவன்தான் என்றது. நான் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன்.

நீ திரும்பி நடந்ததும் அவள் குறுக்குவழியில் உனக்கு முன்னால் வண்டிக்கு ஓடினாள். வீட்டுக்கு வந்ததும் உட்காரவைத்துக் கேட்டேன். மழுப்பவில்லை.

"மாமா தினமும் கூப்பிடுறாரும்மா. வண்டில உக்காந்திருந்தா எனக்குக் கேக்கும். கூப்பிட்டுட்டு நின்னுக்கிட்டே இருப்பாரு. பதிலே வராம திரும்பி வர்றப்ப அவரு முகத்தைப் பார்க்கணுமே. ஒருநாள் சும்மா சொல்லிப் பார்த்தேன். அன்னிக்கு வீடு வர்ற வரைக்கும் ரேடியோ கூட பாடிக்கிட்டு வந்தாரு. அப்புறம் எப்படிம்மா நிறுத்துறது?"

"உனக்குப் பயமா இல்லையாடி?"

ஓட்டக் காலணியைக் கழற்றினாள். பிறகு சொன்னாள்: "முதல்ல இல்ல. இப்ப இருக்கு. ஓடும்போது அவன் மாதிரியே மூச்சு வருது. கேட்ல மாமா தபித்தான்னு கூப்பிட்டா ஒரு நிமிஷம் யாரோன்னு இருக்கு. சைலஸ்னு கூப்பிட்டா உடனே திரும்பிடறேன்."

அண்ணா, உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை, ஆனாலும் எழுதித்தான் ஆக வேண்டும். தினமும் பத்தொன்பது தோளைத் தட்டிவிட்டு நீ காட்டுக்குள் போகிறாய். வண்டியில் விட்ட பிள்ளை வண்டியில் இல்லை. மூன்று வாரமாக இல்லை. இறந்தவனைக் கூப்பிட்டுக்கொண்டு நீ நின்ற நேரமெல்லாம், உயிரோடு இருக்கிறவள் அதே காட்டில் தனியாக நின்றாள், அது உனக்குத் தெரியவில்லை. மறுபடியும்.

எனக்கும்தான் தெரியவில்லை. நான் வீட்டு ஜன்னலில் நின்று இரண்டாவது காலடியைக் கேட்டுக்கொண்டிருந்தேன். முதல் காலடி யாருடையது என்று நான் கவனிக்கவே இல்லை. அவளுக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து இந்த வீட்டில் யாரும் அவளை எண்ணவில்லை. ஒரு பட்டியலில் தன் பெயர் வர வேண்டும் என்று அந்தப் பிள்ளை நான்கு வருஷம் காத்திருந்தது. வந்த ஒரு மாதத்துக்குள் அவளை அவனாக்கிவிட்டோம். நீயும் நானும் சேர்ந்து செய்தோம்.

அவள் அணியில் தொடர்ந்து ஓடுவாள். அதில் மாற்றம் இல்லை. நாளைய போட்டிக்கு நானும் வேடும் வருகிறோம். ஆனால் அவள் இனிமேல் ஒரு பெயருக்கு மட்டும்தான் பதில் சொல்வாள்.

திங்கட்கிழமை பயிற்சி முடிந்ததும் தபித்தாவை வேடுடன் வீட்டுக்கு அனுப்பிவிடு. அவள் ஏறிப் போவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வா. நான் கேட்டில் நிற்பேன். நாம் இரண்டு பேரும் அந்த வளைவு வரைக்கும் நடப்போம். நீ ஒரு தடவை கூப்பிடு, நான் ஒரு தடவை கூப்பிடுகிறேன். அவனைப் பெற்ற பிறகு எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்டிருப்பேன், அந்தக் காட்டில் மட்டும் இன்னும் கூப்பிடவில்லை.

பதில் வராது, அண்ணா. எவ்வளவு நேரம் நின்றாலும் வராது. அதைக் கேட்டுவிட்டு நாம் திரும்பி நடந்து வர வேண்டும். எனக்குத் தனியாக முடியாது.

உன் தங்கை,
நெட்ரா